நோரால்பா குறித்த இலைகள்

நோரால்பாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் எனக்கு என்ன உறவு என்பதில்தான் தொடங்க வேண்டும். அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். என் அம்மா தலைச்சன், அவள் அம்மா கடைக்குட்டி. நடுவில் ஆறு பேர் உண்டு, அவர்களை இங்கே இழுக்கவில்லை. ஆக, அவள் எனக்குத் தங்கை. அதோடு என் மகள் ஃபன்னிக்கு ஞானத்தாய். கோவிலில் தலையில் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளையைத் தாங்கிய கை அவளுடையது. எங்கள் மலையில் அந்தக் கைக்கு ரத்த உறவைவிட ஒரு பிடி மதிப்பு கூடுதல். நடந்த கோளாறெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது. அதில் பெரிய பங்கு என்னுடையது, எவெலியோ என்கிற இந்தக் கிழவனுடையது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெய்ரா டவுனுக்கு மேலே மலையில் லா கிறிஸ்தாலினா என்கிற எங்கள் ஊரில், முப்பது வீட்டுக்கு முப்பதும் காப்பித் தோட்டம். நோரால்பா ஏழு வயதில் இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறிக்க வந்துவிட்டாள். இருபதில் அர்செசியோவைக் கட்டினாள். மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவன். மூன்றாம் வருஷ மழையில் ரோடு சரிந்து ஜீப் ஓடையில் கிடந்தது, அவன் பிழைக்கவில்லை. பிள்ளை இல்லை. துணி மூட்டையோடு மனிசாலெஸ் நகரத்துக்குப் போனவள், பல்கலைக்கழகத்தில் காப்பி கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். சாம்பல் நிறச் சீருடை, சக்கர வண்டி, இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும். இருபத்து மூன்று வருஷம். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வெறும் கறுப்பு, யார் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் கோப்பையை வாங்குகிற விரலைப் பார்த்தே அவளுக்குத் தெரியும்.

மாசச் சம்பளம் வாங்குகிற, தனக்கென்று பிள்ளை இல்லாத, இல்லை என்று சொல்லத் தெரியாத பெண். ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஞானத்தாய் அவள்தான். டிசம்பரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி செருப்பு வந்துவிடும், கால் அளவு கேட்காமலே சரியாக இருக்கும். பதினேழு பிள்ளைகள், பதினோரு தோட்டங்கள்.

மரிசெல் என்கிற மாணவி வந்தது அவளுடைய இருபத்திரண்டாம் வருஷத்தில். கடலோரத்துப் பெண், காப்பிச் செடியைக் கோப்பையில்தான் பார்த்திருப்பாள். கைபேசியில் ஒரு இலையைப் படம் பிடித்தால் அதற்குத் துரு நோய் இருக்கிறதா இல்லையா என்று கணினியே சொல்ல வேண்டும், அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் ஊரிலிருந்து மாணவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் இலைகளைப் படம் பிடித்துப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துப் படக்கட்டிலும் முதல் படம் ஒரு சிலேட்டு, அதில் தோட்டக்காரன் பெயர்.

ஒரு நாள் மரிசெல் நடைபாதை மேசையில் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். நோரால்பா கோப்பையை வைத்தவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இதைத் துருன்னா போட்டிருக்கே?”

“ஆமாம்மா. மஞ்சளா இருக்கே.”

“மஞ்சளா இருந்தா துருவா? அது பசி, பொண்ணே. உரம் காணாத மரம். இந்தா, இது பாரு, எண்ணெய் சொட்டினாப்ல வெளுப்பா ஒரு புள்ளி. இதான் துரு. இன்னும் பத்து நாள்ல இலைக்கு அடியில தடவினா விரல்ல காவிப்பொடி ஒட்டும்.”

“பத்து நாளைக்கு முந்தியே எப்படிம்மா சொல்றீங்க?”

“நீ சொல்ல மாட்டியா, உங்க ஊர் மீனு நாறப்போகுதுன்னு?”

அன்றைக்கே மரிசெல் தன் வாத்தியார் டாக்டர் ஒகாம்போவிடம் போய்ச் சொல்லி, நாலு மணி வேலை முடிந்ததும் ஆறு வரைக்கும் நோரால்பாவை உட்கார வைத்துவிட்டாள். வேலை சுலபம். படம் வரும். நல்லது என்று ஒரு பொத்தான், துரு என்று ஒரு பொத்தான். அவள் எதை அழுத்துகிறாளோ அதைத்தான் கணினி படித்துக்கொள்ளும். ஆனால் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு இலையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டாவது கண் மரிசெலுடையது. முதல் நூறு இலையை அவள் பார்த்தாள். நோரால்பா ஒன்றிலும் தவறவில்லை. அப்புறம் அந்தப் பெண் பார்ப்பதை விட்டுவிட்டு, நோரால்பா அழுத்தியதையே தன் பெயரிலும் அழுத்தி வந்தாள். தகுதியான ஆளைத்தான் நம்பினாள். அந்த ஆளைக் கெடுத்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழாவது பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நோரால்பா ஊருக்கு வந்தாள். எல்லோரும் கோழிச் சாற்றில் கைவைத்திருந்த நேரம், நான் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

“என் தோட்டத்துப் படம் வந்துச்சா?”

“நாளைக்கு உன் கட்டுதான்.”

“எல்லாத்தையும் நல்லதுன்னு போட்டுடு.”

அவள் சிரித்தாள். “உன் மேல்தோட்டத்து மரத்துக்கு உன்னைவிட வயசு கூட. அதுல நல்ல இலை இருந்தா அதிசயம்ணே.”

“சிரிக்காதே. முன்னொரு தடவை இப்படித்தான் அதிகாரிங்க வந்து இலை பாத்தாங்க. ஆராய்ச்சின்னாங்க. அடுத்த மாசம் தண்டுல செவப்பு பெயின்ட் அடிச்சு, பழைய ஜாதி மரம், துருவைப் பரப்புதுன்னு வெட்டச் சொன்னாங்க. அன்னிக்கே பாதி போச்சு. மிச்சம் எங்கப்பா நட்டது.”

“இது அந்த மாதிரி இல்லண்ணே. மெஷின் கத்துக்குது, அவ்வளவுதான். யாரும் வெட்ட வரமாட்டாங்க.”

“சிலேட்டுல எதுக்கு என் பேரு?”

எனக்கே அந்தக் கேள்வி பெரிசாகத் தெரிந்தது. இருந்தும் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முடியாது என்கிற ஆட்டம். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“ஃபன்னிக்கு நீ யாரு, நோரால்பா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு அது.

“பொடி கட்டினதை என்னால நல்லதுன்னு போட முடியாது. வெளுப்புப் புள்ளி மட்டும் இருக்கிறதை நல்லதுன்னு விட்டுடுறேன்” என்றாள்.

எனக்கு அது போதும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடையில் உட்கார்ந்து பெருமை அடித்தேன். “என் இலையெல்லாம் சுத்தம். உள்ள நம்ம ஆளு இருக்கா.” அந்த வாரமே மிச்சப் பத்துத் தோட்டமும் நோரால்பாவுக்குப் போன் போட்டது. எல்லோரும் கேட்டது என்னுடைய கேள்வியைத்தான். என் பிள்ளைக்கு நீ யாரு? எவெலியோ பெண்ணுக்கு உள்ள பாசம் என் பையனுக்கு இல்லையா? ஒருத்தருக்குச் செருப்பு வாங்கி இன்னொருத்தருக்கு வாங்காமல் இருந்தவளா அவள்? எல்லார் கட்டிலும் வெளுப்புப் புள்ளிகளை நல்லது என்றே விட்டுவிட்டாள்.

கணினிக்குச் சொன்னதைப் படிக்கத்தானே தெரியும்? பொடி கட்டினால் துரு, வெளுப்புப் புள்ளி என்றால் நல்ல இலை. அப்படியே படித்துக்கொண்டது. துருவுக்கு மருந்து அடிக்க வேண்டிய நேரமே அந்த வெளுப்புப் புள்ளி நேரம்தான். பொடி கட்டியபின் அடித்தால் மருந்துக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

மார்ச் மாதம் அதை ஒரு செயலியாக்கி இலவசமாக எல்லார் கைபேசியிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். நாங்கள் அதை வைத்து விளையாடினோம். ஒருத்தன் தன் மாமியார் காதைப் படம் பிடித்தான், நல்லது என்று வந்தது. இலையைப் பார்க்க எங்களுக்குக் கண் இருந்தது, மருந்து அடித்துக்கொண்டோம். மலைக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் மாடு வைத்திருந்தவர்கள். மாட்டை விற்றுக் காப்பி வைத்து நாலு வருஷம்தான் ஆகிறது. அவர்களுக்கு அந்தக் கைபேசிதான் கண். அங்கே நோரால்பாவுக்கு ஒரு ஞானப்பிள்ளைகூடக் கிடையாது.

அக்டோபரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் என்று வாசலில் துணி கட்டியிருந்தது. விவசாயிகளும் வர வேண்டுமென்று பஸ் அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து ஐந்து பேர் போனோம்.

“என்ன எவெலியோ, சட்டைக்கெல்லாம் இஸ்திரி? உனக்குப் பொண்ணு பாக்கவா போறோம்?” என்றான் ஒருத்தன்.

“அவனுக்கு யாரு குடுப்பா? மரமே அவனைக் கண்டு இலையை உதுக்குது” என்றான் இன்னொருத்தன்.

மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். காலையில் ஒருவர் மனுஷ மூளை மாதிரி ஒன்றை வரைந்து காட்டினார், மழைக்கு அப்புறம் வேலியில் தொங்குகிற சிலந்திவலை மாதிரி இருந்தது. பாதி புரியவில்லை என்றாலும் மரியாதைக்குத் தூங்காமல் இருந்தேன். பக்கவாட்டுக் கதவருகே இடைவேளைக்கான காப்பித் தட்டோடு நோரால்பா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள், சின்ன வயதில் பூசை நடுவில் செய்வது போல.

பதினோரு மணிக்கு மரிசெல் மேடை ஏறினாள். மேல்படிப்புக்காக அவளைப் பிரேசிலுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அங்கிருந்து ஒரு பேராசிரியை வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அது தெரியும். பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லி நோரால்பாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருந்தாள். நூறு இலைக்குத் தொண்ணூற்று நாலு சரியாகச் சொல்கிறது என்று மரிசெல் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்து, செயலியைப் பயன்படுத்திய ஒரு விவசாயி பேசுவார் என்றார்கள். மலைக்கு அந்தப்புறத்து எர்மெஸ் எழுந்தார். ஒல்லி ஆள். தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைத் தொடாமல் தள்ளியே நின்றார்.

“எனக்குப் பேசத் தெரியாது. அறுவடை நேரத்துல எப்படி வந்தீங்கன்னு வாசல்ல ஒரு தம்பி கேட்டாரு. பறிக்க ஒண்ணும் இல்ல, அதான் வந்தேன். மே மாசம் போனைக் காட்டினேன், நல்லதுன்னு சொல்லிச்சு. ஜூன்ல காட்டினேன், நல்லதுன்னு சொல்லிச்சு. ஆகஸ்டுல மரத்துல இலையே இல்ல. கொட்டை கறுத்துப் போச்சு. நான் தப்பாப் படம் புடிச்சேனோ என்னமோ. அப்படின்னா எப்படிப் புடிக்கணும்னு சொல்லிக்குடுங்க. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

யாரும் கைதட்டவில்லை. மனுஷன் கோபமாக வந்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். தன் மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பிரேசில் அம்மா எழுந்தார். “ஒவ்வொரு இலையையும் எத்தனை பேர் குறிச்சாங்க?”

“இரண்டு பேர்” என்றாள் மரிசெல்.

“இரண்டாவது ஆள் யாரு?”

“நான்.”

“ஆறாயிரம் இலையில ஒண்ணுலகூட உங்க ரெண்டு பேருக்கும் கருத்து மாறலையே. எல்லாத்தையும் நீ பாத்தியா?”

மரிசெல் இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் ஒகாம்போ எழுந்தார். நல்ல மனுஷன், ஆனால் வெளியூர்க்காரர் முன்னால் மானம் போனால் யாரும் நல்லவராக இருக்க முடியாது. “ஒரு மாணவியோட சோம்பேறித்தனத்துக்காக இந்த ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இந்த ஆய்வு இத்தோட நின்னுது. பட்டம் பத்தி அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அப்போது தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. இருபது கோப்பையும் ஒரே நேரத்தில் குலுங்கின சத்தம். நோரால்பா கதவருகிலிருந்து நடந்து வந்தாள், மேடைக்குப் போகாமல் நடு வழியில் நின்றாள்.

“டாக்டர், அந்தப் பொண்ணு என்னை நம்பினா. அவ்வளவுதான் அவ செஞ்சது. குறிச்சது நான். வெளுப்புப் புள்ளி துருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே நல்லதுன்னு போட்டேன்.”

“ஏம்மா? எதுக்கு?”

“சிலேட்டுல பேரைப் பாத்தேன். எல்லாம் என் ஞானப்பிள்ளைங்க வீடு. அவங்க மரத்துக்குத் துருன்னு எழுத எனக்குக் கை வரல.”

“யாராவது அப்படிப் போடச் சொன்னாங்களா?”

அவள் கண் எங்கள் வரிசைக்கு வந்தது. என் மேல் நிற்கவில்லை. பழக்கமான தெருவில் ஒரு வீட்டைத் தாண்டிப் போவது போல என்னைத் தாண்டிப் போயிற்று.

“யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்.”

ஒரு வார்த்தை. “நான்தான்” என்று எழுந்து நின்றிருந்தால் போதும். என் முழங்காலில் தொப்பி இருந்தது. அதன் உள்பட்டையில் வியர்வைக் கறை எப்படி எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தனும் அசையவில்லை.

எர்மெஸ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவளிடம் மெதுவாகக் கேட்டார். “எங்க பக்கத்துல உங்களுக்கு ஞானப்பிள்ளை யாரும் இல்லையாம்மா?”

“இல்லீங்க.”

“அப்ப சரி” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். காப்பி குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தன், “பெரிய யோக்கியக்காரி, ஊர் மானத்தைக் கொண்டுபோய் மேடையில வச்சா” என்றான். இன்னொருத்தன், “இனி என் பிள்ளைக்கு அவ செருப்பு வேண்டாம்” என்றான். செருப்பு வாங்கிப் போட்ட பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அங்கேயும் நான் பேசவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை.

நோரால்பாவிடமிருந்து காப்பி வண்டியை வாங்கிக்கொண்டார்கள். பழைய கட்டடத்தில் ஆய்வுக்கூடங்களைக் கழுவ அனுப்பினார்கள். டிசம்பரில் அவள் வழக்கம்போலச் செருப்பு அனுப்பினாள். நாலு வீட்டில் திருப்பி அனுப்பினார்கள். என் வீட்டில் திருப்பவில்லை. ஃபன்னி காலில் போட்டுக்கொண்டு வந்து, “சரியா இருக்குப்பா” என்றபோது நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை அவளும் மரிசெலும் கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். மரிசெலுக்குப் பட்டத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தார்கள். எல்லா இலையையும் முதலிலிருந்து குறித்தால் பிரேசில் அம்மா மறுபடி பார்ப்பாராம்.

“இரண்டாவது கண் வேணும்ணே. உனக்குத் தெரியாத துருவா?” என்றாள் நோரால்பா.

“நானா? ரெண்டாங்கிளாஸ் படிச்சவன்.”

“பொத்தான் ரெண்டுதான். அதுக்கு ரெண்டாங்கிளாஸ் போதும்.”

அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்தோம். வெல்லத் தண்ணீர் வைத்தேன். முதலில் வந்த சிலேட்டில் என் பெயர். முதல் இலை, வெளுப்புப் புள்ளி. துரு என்று அழுத்தினேன். அடுத்ததும் துரு. என் அப்பா நட்ட மரத்தை ஒவ்வொரு இலையாக நானே காட்டிக்கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு இலையில் நூற்று நாற்பது துரு. முடிந்ததும் மரிசெல் பக்கம் திரும்பினேன்.

“பிள்ளே, அன்னிக்கு நோரால்பா யாரும் சொல்லலைன்னு சொன்னாளே…”

“இலையைப் பாருண்ணே” என்றாள் நோரால்பா.

மரிசெல் தலையைத் தூக்கவே இல்லை. “ஒவ்வொரு பொத்தான் அழுத்தினதுக்கும் தேதி நேரம் இதுல பதிவாகும், மாமா. முதல் தப்பு ஞானஸ்நானத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை நாலே காலுக்கு. உங்க தோட்டம். எனக்கு அக்டோபர்லேயே தெரியும்.”

“டாக்டர்கிட்டச் சொல்லலையா?”

“இந்த அம்மாதான் வேண்டாம்னாங்க.”

நோரால்பா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பும் அப்படித்தான் துடைத்தாள். அவளிடம் என்ன சொல்வது? நான் கேட்க நினைத்த மன்னிப்பை வாயைத் திறப்பதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டவள் அவள். கேட்க வைத்திருந்த வார்த்தை என் கையில் சும்மா கிடந்தது.

நாலாம் நாள் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர்க் கட்டுகள் முடிந்தன. கடைசியில் ஒரு புதுக் கட்டு இருந்தது, கருத்தரங்குக்கு அப்புறம் நவம்பரில் மலைக்கு அந்தப்புறம் போய் எடுத்தது. சிலேட்டில் எர்மெஸ் என்று கோணல் எழுத்து, அவரே எழுதியிருக்க வேண்டும். நாலைந்து இலை வந்தது, எல்லாம் காவி. அப்புறம் வெறும் கிளை. அதற்கு அடுத்ததும் வெறும் கிளை. முன்னால் இரண்டு பொத்தான், நல்லது ஒன்று, துரு ஒன்று.

“இலையே இல்லாததுக்கு என்ன போடறது?” என்றேன்.

“அதைத் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போங்க, மாமா” என்றாள் மரிசெல்.

நான் தள்ளவில்லை. விரலைத் தூக்கியபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. நோரால்பா கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினாள். அதே கிளை மறுபடி வந்தது.

“நாளைக்கு எர்மெஸ் வீட்டுக்குப் போகணும், புது இலை விட்டிருக்கான்னு பாக்க. பஸ்ல மூணு சீட்டு பிடிக்கவா, ரெண்டு பிடிக்கவா?” என்றாள்.

“மூணு” என்றேன்.